பெயர் கேட்காத பலகை

தொண்ணூறுகள் முடியப்போகிற நேரம். எனக்கு இருபத்தைந்து வயது. தலைக்கனம் அதைவிடக் கூடுதல். எம்.சி.ஏ. முடித்துவிட்டுத் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் சேர்ந்திருந்தேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்குகிற சரக்குக்குக் கஸ்டம்ஸ் காகிதங்களைத் தயார் செய்து கொடுப்பது கம்பெனியின் தொழில். கீழே மருந்துக்கடை, மாடியில் நாங்கள். மொத்தம் ஏழு கம்ப்யூட்டர்கள். அந்த ஏழையும் மேய்ப்பது என் வேலை. யாராவது மவுஸைக் கீழே போட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

முதலாளியின் மகன் பெங்களூரில் படித்துவிட்டு வந்திருந்தார். நாங்கள் அவரைச் சின்ன முதலாளி என்போம். அவருக்கு ஆபீஸில் காகிதம் பறப்பதைப் பார்த்தால் எரிச்சல். "க்ரூப்வேர்னு ஒண்ணு இருக்கு மேடம். மெயில், காலண்டர், நோட்டீஸ் போர்டு எல்லாம் ஒரே இடத்துல. பிரவுசரைத் திறந்தாப் போதும். நம்ம ஆபீஸ்ல போட முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு அப்போது கிடையாது.

ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சி.டி., சர்வராக்க ஸ்டோர் ரூமில் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி, பாளையங்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் இறக்கி ஆறு ஃபிளாப்பிகளில் பிரித்துக் கொண்டுவந்த புரோகிராம். இவ்வளவுதான் மூலதனம். நாலாவது ஃபிளாப்பி இரண்டு முறை காலை வாரியது. புரோகிராம் பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. அதற்கு ஒரு துணைக் கோப்பு வேண்டும், அந்தத் துணைக்கு இன்னொரு துணை வேண்டும். எல்லாம் வந்து சேர்ந்த பிறகும் 'அனுமதி இல்லை' என்று திரை முகத்தில் அடித்தது. மூன்று வாரம் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் ஒரு திங்கட்கிழமை ஏழு பெட்டிகளிலும் க்ரூப்வேர் பக்கம் வந்து நின்றபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒவ்வொருவருக்கும் ஒரு பயனர் பெயர், ஒரு கடவுச்சொல் கொடுத்தேன். முதல் வாரத்திலேயே பாதிப் பேர் மறந்துவிட்டு என் மேஜை முன்னால் வரிசையில் நின்றார்கள். எரிச்சலில் ஒரு காரியம் செய்தேன். அமைப்புக் கோப்பில், கடவுச்சொல் போடாமல் வருகிறவர்களும் அறிவிப்புப் பலகையில் எழுதலாமா என்று ஒரு கேள்வி இருந்தது. எழுதலாம் என்று வைத்துவிட்டேன். அப்படி எழுதினால் பெயர் வருகிற இடத்தில் 'கெஸ்ட்' என்று மட்டும் வரும். கடவுச்சொல்லுக்காக என் பிராணனை எடுக்கமாட்டார்கள் என்பதுதான் என் கணக்கு. அந்த ஆபீஸில் நான் செய்த முதல் தப்பு அது. இரண்டாவது தப்பை நினைத்தால் இன்றைக்கும் சாப்பாடு இறங்காது.

எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாணத்தைக் கலைக்கக் கத்தியும் வேண்டாம், கம்பும் வேண்டாம். ஒரு இன்லண்டு லெட்டர் போதும். எழுத்து தெரிந்துவிடக் கூடாது என்று இடது கையால் எழுதி, பக்கத்து ஊர்த் தபால் பெட்டியில் கொண்டுபோய்ப் போடுவார்கள். மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து அஞ்சல் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள், அம்பாசமுத்திரமா வள்ளியூரா என்று. மொட்டைக் கடிதம் என்று அதற்குப் பெயர். அது வராத தெரு திருநெல்வேலிச் சீமையில் இருக்குமா என்பது சந்தேகம்தான். அதனால்தான் பெண் பார்க்க வருகிற செய்தியை, முடிவாகிற வரைக்கும் யாரும் வெளியே மூச்சு விடுவதில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் எங்கள் அறிவிப்புப் பலகையில் அப்படி ஒரு கடிதம் வந்தது.

டாக்குமெண்டேஷன் செக்‌ஷனில் இருந்த பெண்ணைப் பற்றியது. அவள் என் கூட்டுக்காரி, நெருங்கிய சிநேகிதி. சேரன்மகாதேவியிலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் வருவாள். மேனேஜர் அண்ணாச்சி அவளை இரண்டு வருடமாகப் பார்த்துவந்து, அடக்கமான பிள்ளை என்று திருப்திப்பட்டு, மஸ்கட்டில் இன்ஜினீயராக இருக்கிற தன் அக்கா மகனுக்குக் கேட்டிருந்தார். அவள் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வார ஞாயிற்றுக்கிழமையே பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. ஆபீஸில் இது தெரிந்தது அண்ணாச்சிக்கும் அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தது. இரண்டே வரி. 'டாக்குமெண்டேஷன் பெண்ணை மேனேஜர் வீட்டு மாப்பிள்ளைக்குப் பேசுகிறார்கள். அந்தப் பெண் வேறு ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள், விசாரித்து முடிவு செய்யவும்.' கீழே கெஸ்ட்.

சாப்பிட்டுவிட்டு வந்து முதலில் பார்த்தவர் யாரோ, அதை அச்சடித்து அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டார். அண்ணாச்சி கீபோர்டைத் தொடமாட்டார். எதுவானாலும் காகிதத்தில்தான் வாசிப்பார். வாசித்து முடித்தவர் எழுந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"ஏட்டி, அணை! அதை அணை!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

"அழிச்சிருதேன் அண்ணாச்சி, ஒரு நிமிசம்..."

ஒரு நிமிடம் அவர் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று படிக்கட்டுப் பக்கம் போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டார். கடையில் தீப்பிடித்தால் எங்கள் ஊரில் முதலில் செய்கிற காரியம் அது. ஃபேன் நின்றது, விளக்கு அணைந்தது, ஏழு பெட்டிகளோடு என் சர்வரும் செத்தது. யு.பி.எஸ். வேண்டும் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டு காகிதமும் அண்ணாச்சியின் மேஜையில்தான் இருந்தன.

அந்த இருட்டில் நின்றுகொண்டு அண்ணாச்சி சுற்றிப் பார்த்தார். எல்லோரும் வரிசையாக நின்றோம். அவர் கண் ஒருவரிடம் போய் நின்றது: தூத்துக்குடிக் கிளையிலிருந்து தினமும் பஸ்ஸில் காகிதப் பையைச் சுமந்துவருகிற டெஸ்பாட்ச் கிளார்க். கடற்கரைக்காரர், நாற்பது வயதிருக்கும், சத்தம் போட்டுச் சிரிப்பவர். இரண்டு நாளைக்கு முன்னால் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு லீவு கேட்டு, அண்ணாச்சி கொடுக்காமல், எல்லோர் முன்னாலும் வாக்குவாதம் நடந்திருந்தது. "உங்க வீட்டுலயும் ஒரு நல்ல காரியம் வரும்லா அண்ணாச்சி, அப்பப் புரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். போதாக்குறைக்கு, அந்தப் புதன்கிழமை நாங்கள் எல்லோரும் பின்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் ஹாலில் இரண்டாம் நம்பர் பெட்டி முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். பலகையைத் திறக்க அவருக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

"நீதானலே?" என்றார் அண்ணாச்சி.

"யாரு, நானா? அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் பேசுதியன்னே எனக்குத் தெரியாதே அண்ணாச்சி."

"ஒனக்குத் தெரியாம இருக்கும். மூதி, வேற எவனுக்கு எம்மேல இவ்வளவு காந்தல்?"

சின்ன முதலாளி உள்ளே வந்து நடுவில் நின்றார். நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஊரே மெச்சும்படி ஒரு கெட்டிக்காரத்தனம் காட்ட அப்படி ஒரு சந்தர்ப்பம் வாய்க்குமா? "யார் எழுதினதுன்னு கண்டுபிடிச்சிரலாம் சார். பேரு போடலைன்னா தெரியாதுன்னு நினைக்காங்க. ஒவ்வொரு பெட்டிக்கும் நான் ஒரு நம்பர் குடுத்திருக்கேன். எந்தப் பெட்டியில இருந்து, எத்தனை மணிக்குன்னு சர்வர் எழுதி வச்சுக்கும்" என்றேன்.

"அப்ப சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. ஆதாரத்தோட. இவர்தான்னா அன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிரலாம்."

"ஞாயிற்றுக்கிழமை பொண்ணு பாக்கப் போறதும் அதுக்குப் பொறவுதான்" என்றார் அண்ணாச்சி. "ஆளு யாருன்னு தெரியட்டும், முதல்ல."

கூட்டுக்காரி கதவோரம் நின்றிருந்தாள். அழவில்லை. அவமானத்தில் உறைந்துபோய் நிற்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்தபோது சர்வர் எழுந்திருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்ததைத் திடீரென்று நிறுத்தியதில் அதன் ஹார்ட் டிஸ்க் வட்டு குழம்பிப்போயிருந்தது. பழுது பார்க்கிற கட்டளையைக் கொடுத்தால், இந்தத் துண்டைச் சரிசெய்யவா, இதை அழிக்கவா என்று நூற்றுக்கணக்கில் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை சொல்ல வேண்டும். ஒரு 'ஆம்' தப்பாகப் போட்டால், எந்தப் பெட்டி, எத்தனை மணி என்று எழுதி வைத்த அந்தப் பதிவுக் கோப்பே போய்விடும். அது போனால் எழுதியது யார் என்று சொல்லவே முடியாது. வியாழக்கிழமை முழுக்க ஒவ்வொரு கேள்வியாக வாசித்துப் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி கால் மணிக்கு ஒரு முறை வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்று, திரையில் ஓடும் ஆங்கிலத்தை முறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் டெஸ்பாட்ச் அண்ணன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். வழக்கமான சிரிப்பு இல்லை.

"யம்மா, அந்த மெஷின் பொய் சொல்லாதுல்லா?"

"சொல்லாதுண்ணே."

"அது போதும். எம்பொண்டாட்டி நேத்துலருந்து சரியாச் சாப்பிடல. பைய பாரு, அவசரமில்ல. ஆனா பாத்துரு."

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வட்டு உயிர் பெற்றது. பதிவுக் கோப்பு தன் இடத்தில் இல்லை. சிதறிய துண்டுகளைப் போட்டு வைக்கிற கோப்புறை ஒன்று உண்டு; பெயர் போய், வெறும் எண்ணோடு அங்கே கிடந்தது. திறந்து புதன்கிழமைக்கு வந்தேன். ஒரு மணி பன்னிரண்டு நிமிடம். பலகையில் எழுதியதற்கு ஒரே ஒரு வரி. பெட்டி எண் ஆறு.

இரண்டு இல்லை. ஆறு.

என்னிடம் ஒரு நோட்டில் பட்டியல் இருந்தது. எனக்கே மனப்பாடம்தான், ஆனாலும் எடுத்துப் பார்த்தேன். ஆறு டாக்குமெண்டேஷன் அறை. பிளைவுட் தடுப்புக்குப் பின்னால், தனிக் கதவு. அங்கே ஒரு நாற்காலிதான் உண்டு.

புதன்கிழமை மத்தியானம் அவளும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் புளியோதரை, நான் இட்லி. பாதியில், "ஃபேக்ஸ் வந்திருக்கான்னு பாத்துட்டு வாரேன்" என்று எழுந்து போனாள். நாலைந்து நிமிடத்தில் திரும்பி வந்து டப்பாவைக் காலி செய்தாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

இவளா? தன்னைப் பற்றித் தானே? அப்போதுதான் ஞாபகம் வந்தது. முந்தின வாரங்களில் இரண்டு மூன்று முறை அவள் என்னிடம், "எனக்கு இந்த மாப்பிள்ள வேண்டாம்ட்டி" என்று சொல்லியிருந்தாள். ஒரு முறை நான் துணைக் கோப்பு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எல்லாவளும் மொதல்ல இப்படித்தான் சொல்லுவா" என்றேன். அவள் தன் அறைக்குப் போய்விட்டாள். நானும் மறந்துவிட்டேன்.

இப்போது இந்த வரியைக் காட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். டெஸ்பாட்ச் அண்ணன் தப்பிப்பார். இவள் வேலை போகும். அதைவிட, ஊருக்குள் பெயர் போகும். இவள் அப்பா இவளை உயிரோடு விட்டுவைப்பாரா என்றெல்லாம் மனம் ஓடியது. காட்டாவிட்டால்? ஆதாரம் இல்லையென்றால் அந்த மனிதரையும் அனுப்ப முடியாது. சின்ன முதலாளி படித்தவர், ஆதாரத்தோடு என்றுதானே கேட்டார்? ஆக ஒரு வரியை எடுத்துவிட்டால் இரண்டு பேரும் பிழைப்பார்கள். எவ்வளவு சுலபம்! பிளைவுட் தடுப்பு என் மேஜையிலிருந்து பத்தடி. கீபோர்டு சத்தம் கேட்டது. அவள் யாருக்கோ சரக்குப் பட்டியல் அடித்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து போகவில்லை. அந்தக் கோப்பையே அழித்தேன். அந்த சர்வரில் எனக்கு இல்லாத அதிகாரமே கிடையாது. நிச்சயமா என்றுகூட அது கேட்கவில்லை.

பிறகு சின்ன முதலாளி அறைக்குப் போய், "பதிவு கிடைக்கல சார். மெயினை இழுத்ததுல அது போயிருச்சு" என்றேன். அங்கே உட்கார்ந்திருந்த அண்ணாச்சியின் முகம் சுருங்கியது. அவர் செய்த கூத்துக்கு இது வேண்டும் என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரையும் ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். டெஸ்பாட்ச் அண்ணன் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். நான் எதிர்பார்த்தபடி ஆதாரம் இல்லை என்று விஷயம் முடியவில்லை. சின்ன முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆபீஸ்ல நிம்மதி வேணும். யார் மேலயும் பழி போடல. ஆனா சந்தேகம்னு வந்துட்டா ஒண்ணா வேலை பாக்க முடியாது" என்று ஆரம்பித்தார். அவர் கையில் கணக்கு முடித்த கவர் இருந்தது. ஆதாரம் வேண்டும் என்று கேட்டதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான் போலிருக்கிறது.

"நான் எழுதல சார்" என்றார் டெஸ்பாட்ச் அண்ணன். "அந்தப் பிள்ள மெஷின்ல பாத்துச் சொல்லுதேன்னிச்சு." என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அவரு எழுதல. நான்தான் எழுதினேன்."

கூட்டுக்காரி முன்னால் வந்து நின்றாள். சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்திருந்தாள். ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"எனக்கு யாரும் இல்ல, நான் யாருக்கும் வாக்குக் குடுக்கல. இந்த மாப்பிள்ள வேண்டாம், அவ்வளவுதான். எங்க அப்பாட்ட சொன்னேன், அம்மாட்ட சொன்னேன், அண்ணாச்சி, உங்ககிட்டயும் ஒரு நா சொன்னேன், நீங்க சிரிச்சிய. நான் வாயால சொன்னது ஒருத்தர் காதுலயும் ஏறல. பேரு இல்லாம ஒரு தடவ எழுதினேன், அத்தன பேரும் படிச்சாங்க."

இப்போதாவது விடியும் என்று நினைத்தேன்.

அண்ணாச்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோபப்படவில்லை. கண் கலங்கியது அவருக்கு.

"பாத்தியளா தம்பி" என்று சின்ன முதலாளியிடம் சொன்னார். "எந்தப் பொட்டப்புள்ளயாவது தம் பேரைத் தானே கெடுக்குமா? ஒரு பிள்ளகுட்டிக்காரன் வேலை போகுதேன்னு மனசு பொறுக்காம, பழியத் தூக்கித் தன் தலையில போடுதா. இந்த இளகின மனசப் பாத்துத்தான்வே நான் இவளக் கேட்டேன்."

"இல்ல அண்ணாச்சி, நெசமாவே நான்தான். அவகிட்ட கேளுங்க, மெஷின்ல இருக்கும்." அவள் என் பக்கம் கையை நீட்டினாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இருந்துச்சு" என்றேன். "ஆறாம் நம்பர் பெட்டி. ஒண்ணு பன்னிரண்டுக்கு. அவதான் எழுதினா. நேத்து பாத்தேன். பாத்துட்டு நான்தான் அழிச்சேன்."

"என்னட்டி இது?" என்றார் அண்ணாச்சி. "நான் மெயினை இழுத்ததால போச்சுன்னு நேத்து சொன்ன. இன்னைக்கு நீயே அழிச்சேங்க. நாளைக்கு எலி தின்னுட்டுன்னு சொல்லுவியோ? கூட்டுக்காரிக்குத் தாளம் போட வந்துட்டா."

"சார், சத்தியமா..."

"மேடம், ப்ளீஸ்" என்றார் சின்ன முதலாளி. "காட்ட முடியுமா? இல்லல்ல? விடுங்க."

டெஸ்பாட்ச் அண்ணன் கவரை வாங்கிக்கொண்டார். காகிதப் பையைத் தோளிலிருந்து கழற்றி மேஜை மேல் வைத்தார். அது கம்பெனிப் பை. கூட்டுக்காரியிடம் போய், "நீ சொன்னியே யம்மா, அது போதும்" என்றார். என்னைப் பார்க்காமல் படிக்கட்டுப் பக்கம் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. படியிறங்குகிற செருப்புச் சத்தம் கீழே மருந்துக்கடை வரைக்கும் கேட்டது.

அண்ணாச்சி அன்று மத்தியானமே சேரன்மகாதேவிக்கு ஆள் அனுப்பினார். கடிதம் எழுதினவனை வெளியே அனுப்பியாகிவிட்டது, எல்லாம் பொய், ஞாயிற்றுக்கிழமை சொன்ன நேரத்துக்கு வருகிறோம் என்று.

சாயங்காலம் ஜங்ஷன் ஸ்டேஷன் வரைக்கும் அவளோடு நடந்தேன். அவள் என்னை வராதே என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. பிளாட்பாரத்தில் செங்கோட்டைப் பாசஞ்சர் ஏற்கெனவே நின்றிருந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் வெளியே நின்று, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பேச வேண்டியதையெல்லாம் பேசினேன். உன்னைக் காப்பாற்றத்தான் செய்தேன், உன் பெயர் கெட்டுவிடக் கூடாது என்றுதான், உங்கள் அப்பாவுக்குப் பயந்துதான், அவர் வேலையும் போகாது என்று நினைத்துத்தான். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை.

"நீ கண்டுபிடிச்சிருவேன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "புதன்கிழமை நீ சொன்னப்பவே தெரியும். நேத்து பூரா ஒனக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். வந்து கேப்ப, ஆமான்னு சொல்லணும், சேந்து போய்ச் சொல்லலாம்னு."

ரயில் நகர ஆரம்பித்தது. நானும் கூடவே நடந்தேன்.

"பத்தடி தூரத்துல இருந்தேன். அழிக்கதுக்கு முந்தி என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாட்டி?"

நான் கேட்கவில்லை.